ஏறுகிறவர்களுக்கு வழி

அமெரிக்காவில் என்ன பார்த்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஜெசிந்தா ஒரே பதிலைத்தான் சொன்னாள். அந்த ஊர்க்காரர்கள் சும்மா மலை ஏறுகிறார்கள்.

விறகு பொறுக்க இல்லை. ஆடு மேய்க்க இல்லை. போகிறார்கள், மேலே நின்று தண்ணீர் குடிக்கிறார்கள், கொஞ்ச நேரம் சுற்றிலும் பார்க்கிறார்கள், இறங்கி வந்துவிடுகிறார்கள். கேட்டவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வானைத் தொடும் கட்டடமும் கடல் மாதிரி கடைத்தெருவும் கேட்கலாம் என்று வந்தவர்களிடம் மலை ஏறுகிற கதையைச் சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? திண்டிவனம் பேருந்து நிலையத்தில் பூ விற்கிற அருணா, போனதுதான் போனாய், ஒரு நல்ல ஊராகப் பார்த்துப் போயிருக்கக் கூடாதா என்றே கேட்டுவிட்டாள்.

ஊரைத் தேர்ந்தெடுத்தது ஜெசிந்தா இல்லை. மகன் ஆரோக்கியராஜுக்கு வேலை கிடைத்தது அங்கே. பாய்சி என்று ஒரு சின்ன நகரம், அமெரிக்காவின் மேற்குப் பக்கம். விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் சேர்த்துவைத்த அளவு இருக்கும். மருமகள் வெண்ணிலாவின் பிரசவத்துக்குத் துணையாக ஜெசிந்தா போனாள். கோடையில் போய், கார்த்திகை மழையோடு திரும்பி வந்தாள்.

போன இடத்தில் அவளுக்கு எல்லாமே வேடிக்கையாக இருந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு போகாமல் காரின் தலையில் கட்டிக்கொண்டு போனார்கள். மலையடிவாரத்தில் இறக்கி, அங்கேதான் மிதித்தார்கள். ஊருக்கு நடுவே ஓடுகிற ஆற்றில் ரப்பர் டியூபில் உட்கார்ந்து மிதந்து போனார்கள். நம் பக்கத்தில் கிணற்றில் நீச்சல் பழக லாரி டியூபைப் போட்டுவிடுவோமே, அதேதான், கலர் மட்டும் வேறு. நாயைக் கூட்டிக்கொண்டு நடந்து, நாய் போனதைப் பையில் அள்ளிக்கொண்டு திரும்பினார்கள். இவ்வளவு வசதி இருந்தும் உடம்பை வருத்திக்கொள்கிறார்களே என்று ஜெசிந்தா மகனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் உடம்பு சம்பளத்துக்கு மட்டுமே வருந்திப் பழகிய உடம்பு.

அந்த ஊரின் ஓரத்தில் ஒரு குன்று. மேசைப்பாறை என்று அதற்குப் பெயராம். உச்சியில் ஒரு பெரிய சிலுவை. இருட்டினால் அதில் வெளிச்சம் போடுவார்கள். மகன் வீட்டு ஜன்னலிலிருந்தே தெரியும். பிரசவம் நல்லபடியாக முடிந்தால் அந்தச் சிலுவைக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும் என்று ஜெசிந்தா வேண்டிக்கொண்டாள். பேத்தி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் கூட்டிப் போனான். அடிவாரத்தில் காரை விட்டு இறங்கியதும் அவள் முதலில் செய்த காரியம், செருப்பைக் கழற்றிக் கார் சக்கரத்தின் பக்கத்தில் ஓரமாக விட்டது. சிலுவை இருக்கிற மலையில் யாராவது செருப்போடு ஏறுவார்களா?

அங்கே எல்லாரும் ஏறினார்கள். தடித்த பூட்ஸும் இரண்டு கையிலும் கம்புமாக, காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஏறினார்கள். வெறுங்காலோடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் மெழுகுவத்தியோடு சரளைக்கல்லில் ஏறிய ஜெசிந்தாவைப் பார்த்து, இது ஏதோ புதுவிதப் பயிற்சி என்று நினைத்துப் பலர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அவளும் ஆசீர்வாதம் போல வாங்கிக்கொண்டாள்.

பாதி ஏறியிருப்பார்கள். ஒற்றையடிப் பாதை. எதிரே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இறங்கி வந்தார். ஜெசிந்தா யோசிக்கவே இல்லை. கால் தானாகப் பாதையை விட்டு இறங்கிப் புதருக்குள் நின்றது. தலை தானாகக் குனிந்தது. கிழவர் கடந்து போகட்டும் என்று நின்றாள். யாரும் கடந்து போகவில்லை. நிமிர்ந்து பார்த்தால், கிழவர் அந்தப் பக்கப் புதரில் நின்றுகொண்டிருந்தார். நடுவில் பாதை காலியாகக் கிடந்தது.

மகன் ஆரோக்கியராஜுக்கு முகம் சிறுத்துவிட்டது. அம்மா எதற்காக ஒதுங்கினாள் என்பது அவனுக்குத் தெரியும். அவன் மெதுவாகச் சொன்னான், "ஏறுறவங்களுக்குத்தாம்மா வழி. எறங்குறவங்க ஒதுங்கி நிக்கணும். இங்க அதான் ரூல். ஏறுறவங்களுக்கு மூச்சு வாங்கும். நின்னுட்டா மறுபடி ஏற முடியாது. நீ போ, அவரு உனக்காகத்தான் நிக்கிறாரு."

ஜெசிந்தா போனாள். கிழவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். அப்போது அவளுக்கு வந்தது சந்தோஷம் இல்லை, கோபம். இவ்வளவு சுலபமா இது? ஒரு மனுஷன் பக்கவாட்டில் ஒரு எட்டு வைப்பது இவ்வளவு சின்ன விஷயமா? அப்படியென்றால் இத்தனை வருஷம் நான் முள்ளில் நின்றது எதற்காக? மெழுகுவத்தி ஏற்றும்போதும் அந்தக் கோபம் அணையவில்லை. காற்றில் மெழுகுவத்திதான் அணைந்தது.

அந்த ஊரைச் சொர்க்கம் என்று அவள் சொல்லவில்லை. ஒருநாள் மகனோடு குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனபோது, பெரிய வண்டியில் போன ஒருத்தன் அவளைப் பார்த்து என்னவோ கத்திவிட்டுப் போனான். மகன் அதற்குப் பொருள் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. குரலிலேயே பொருள் இருந்தது, அந்தக் குரலை அவள் ஊரிலேயே நிறையக் கேட்டிருக்கிறாள். ஆனால் மலைப்பாதையின் சட்டம் மட்டும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அது ஆளைப் பார்க்கவில்லை.

ஜெசிந்தாவின் ஊர் ஓமந்தூர் பக்கம் ஒரு சின்னக் கிராமம். ஏரிக்கரையின் அந்தக் கோடியில் ஊர், இந்தக் கோடியில் நெடுஞ்சாலையை ஒட்டிக் காலனி. காலனிப் பெண்கள் காலையில் கரைமேல் ஏறி, அந்தப் பக்கக் கழனிகளில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்குக் களை வெட்டப் போவார்கள். ஏறுவதற்கு ஒரே சரிவுதான். செங்குத்தாக, ஒரு ஆள் அகலத்துக்கு இருக்கும். இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் முள். எதிரே ஊர்க்காரர் யாராவது இறங்கி வந்தால் காலனிக்காரர்கள் முள்ளுக்குள் ஒதுங்கி நிற்க வேண்டும். அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை, யாரும் அதட்டியதும் இல்லை. அதட்ட வேண்டிய அவசியமே இல்லாத சட்டம் அது.

முன்பெல்லாம் அந்தச் சரிவில் ஊர்க்காரர்கள் இறங்குவதே அபூர்வம். இப்போது நிலைமை வேறு. ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. விழுப்புரத்து டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். ஆகவே காலையில் ஏரிக்கரைமேல் 'வாக்கிங்' வந்து, சரிவில் இறங்கி, நெடுஞ்சாலையோரம் பாண்டுரங்கன் கடையில் சர்க்கரை இல்லாத டீயும், சர்க்கரை இருக்கிற பன்னும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். இவர்கள் உடம்பு இளைப்பதற்காகக் காலனிப் பெண்கள் சோற்றுத் தூக்கும் களைக்கொத்தும் சுமந்துகொண்டு முள்ளில் நிற்க வேண்டியதாயிற்று.

இந்த நடைக்காரர்களுக்குத் தலைவர் மாதிரி சீனுவாசன். வேட்டியை மடித்துக் கட்டி, மருமகன் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டு முன்னால் வருவார். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காலனியில் சாவு விழுந்தால் மாலை வாங்கி அனுப்புவார். ஜெசிந்தாவின் புருஷன் சகாயராஜுக்குத் தன் மகள் சங்கவி திண்டிவனத்தில் கட்டுகிற வீட்டில் டைல்ஸ் ஒட்டுகிற வேலையையும் அவர்தான் கொடுத்திருந்தார். நல்லவர்தான். வழியை மட்டும் விட மாட்டார்.

ஜெசிந்தா ஊர் திரும்பியபோது, பக்கத்து வீட்டு அம்மணி விந்தி விந்தி நடந்துகொண்டிருந்தாள். குதிகாலில் முள் ஏறிச் சீழ் வைத்து, திண்டிவனம் ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்களாம். எப்படி ஏறியது என்று கேட்டதற்கு, வழிவிடும்போது என்றாள் அம்மணி. மழையில் நனைந்தேன் என்பதுபோல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். மேசைப்பாறையில் மூண்ட கோபம் ஜெசிந்தாவுக்கு மறுபடி மூண்டது.

தை பிறந்து களைவெட்டு ஆரம்பித்த வாரம், ஒரு காலையில் ஜெசிந்தா முன்னால் ஏற, அம்மணியும் மற்றப் பெண்களும் பின்னால் ஏறினார்கள். பாதிச் சரிவில் வெள்ளை ஷூ தெரிந்தது. பின்னால் வந்த பெண்கள் வழக்கம்போல ஒதுங்கக் காலை எடுத்தார்கள். ஜெசிந்தா அசையவில்லை. முன்னால் போகிறவள் நின்றுவிட்டதால் அவர்களும் அப்படியே நின்றார்கள்.

சீனுவாசன் அவளுக்கு நேர்மேலே வந்து நின்றார். கண்ணில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. நடந்து பழகிய தரையில் திடீரென்று ஒரு சுவர் முளைத்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

"இன்னா ஜெசிந்தா, நிக்கிற?"

"நாங்க ஏறிக்கினு இருக்கிறோங்க. நீங்க எறங்குறீங்க. ஏறுறவங்களுக்குத்தான் வழி."

"இது எந்த ஊரு சட்டம்?"

"எம் மவன் ஊரு சட்டம். ஆளப் பாத்து இல்லீங்க, மூச்சப் பாத்து. செமையோட ஏறுறவங்க நின்னுட்டா மறுபடி ஏறுறது கஷ்டம்."

அவள் குரலில் மரியாதை ஒரு பிடிகூடக் குறையவில்லை. அதுதான் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். கீழே பாண்டுரங்கன் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கழுத்தைத் திருப்பிவிட்டார்கள். பாண்டுரங்கன் ஆற்றிக்கொண்டிருந்த டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். சீனுவாசன் சட்டைப் பையைத் தடவி, செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்று யாருக்கோ சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு திரும்பி மேலே ஏறினார். அவர் முதுகைத் திருப்பியதும் சட்டைப் பைக்குள் போன் அடித்தது. அம்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் சகாயராஜுக்கு மேஸ்திரி போன் செய்தார். நாளையிலிருந்து திண்டிவனத்துக்கு வர வேண்டாம். காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தது. வெயிலில் கறுத்த மனுஷன், வாசலில் குந்தி, கையில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"ஒதுங்கி நின்னா இன்னா கொறஞ்சி பூடும்?" என்றார் கடைசியில். "நீ போய்ட்டு வந்தவ. நான் இங்கியே இருக்கிறவன்."

"நானுந்தான் இங்க இருக்கப் போறேன். அதுக்குத்தான் நின்னேன்."

மகனுக்கும் எப்படியோ செய்தி எட்டி, அவன் போனில் கெஞ்சினான். அந்த ரூலையெல்லாம் ஊரில் பேசாதே, அங்கே யாருக்கும் புரியாது என்றான். சொல்லிக் கொடுத்தவனே பயந்து கையை உதறுகிறான். ஜெசிந்தா அவனிடம் பேத்தி பால் குடிக்கிறாளா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். பயம் அவளுக்கும் இருந்தது. புருஷனுக்கு வேறு வேலை எப்போது கிடைக்கும் என்ற பயம், நாளைக்குக் களைவெட்ட யாரும் கூப்பிடாவிட்டால் என்ற பயம். ஆனால் ஆள் கிடைக்காத காலம். புல் மல்லாட்டையை மூடிக்கொண்டு நிற்கும்போது எந்த நிலக்காரரும் ரோஷம் பார்க்க மாட்டார். மறுநாள் காலையில் அவர்கள் ஏறியபோது சரிவில் யாருமே இல்லை. சீனுவாசன் வாக்கிங் வரவில்லை.

வந்தது மாலையில். அதுதான் யாரும் எதிர்பார்க்காதது.

களைவெட்டு முடிந்து பெண்கள் கரையிலிருந்து இறங்க ஆரம்பித்தபோது, சீனுவாசன் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு வண்டியில் வந்து, பாண்டுரங்கன் கடை எதிரே நிறுத்தினார். வேட்டி, வெள்ளை ஷூ. மாலையில் ஒருநாளும் நடக்காத மனிதர், ஜெசிந்தா பாதிச் சரிவுக்கு வரும்வரை கீழேயே காத்திருந்து, பிறகு ஏற ஆரம்பித்தார். கடையில் கூட்டம். வேலை இல்லாத சகாயராஜும் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார்.

சீனுவாசன் அவளுக்கு ஒரு முழம் கீழே வந்து நின்று, கடை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார், "இன்னா ஜெசிந்தா, ஏறுறவனுக்கு வழின்னு நேத்து சொன்னியே. நான் ஏறுறேன். எனக்கு வழி உண்டா இல்லியா?"

ராத்திரி முழுக்க யோசித்து வந்திருக்கிறார் மனுஷன். ஜெசிந்தா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒதுங்கினால், இத்தனை நாள் பார்த்த அதே படம்தான். ஊர்க்காரர் நடக்க, காலனிக்காரி முள்ளில் நிற்பாள். ஒதுங்காவிட்டால், சட்டம் என்று அவள் சொன்னதெல்லாம் வெறும் திமிர் என்றாகிவிடும். கடையில் இருந்த அத்தனை கண்ணும் அவள் காலைப் பார்த்தன. சகாயராஜ் மட்டும் தரையைப் பார்த்தார்.

"உண்டுங்க," என்றாள் ஜெசிந்தா, அவளும் கடைக்குக் கேட்கும்படியே. "யாரா இருந்தாலும் உண்டு. அம்மணி, ஏறுறாரு பாரு, வழி வுடுங்க எல்லாரும்."

அம்மணி முனகினாள். ஆனாலும் ஒதுங்கினாள். ஜெசிந்தா முள்ளுக்குள் நின்றாள். பக்கவாட்டில் ஒரு கிளை புறங்கையைக் கீறியது. ஒரே ஒரு வித்தியாசம், தலையைக் குனியவில்லை. சீனுவாசன் கடந்து போகும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சிரித்துக்கொண்டேதான் ஏறினார். மேலே போவதற்குள் சிரிப்பு மூச்சாகிவிட்டது. கடையில் ஒருவன் விசில் அடித்தான்.

பெண்கள் இறங்கினார்கள். சரிவின் அடியில் நின்று காலில் தைத்த முள்ளைப் பிடுங்கினார்கள். அம்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. நேற்று ஒருநாள் நின்றோம், இன்றைக்கு வட்டியோடு வாங்கிக்கொண்டார் பார் என்றாள். ஜெசிந்தா மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி கீழே நிற்கிறது. சாவி அவர் மடியில் இருக்கிறது. ஜெயித்த மனிதர் கரைமேல் எவ்வளவு நேரம் நிற்பார்? சீனுவாசன் மூச்சு வாங்கி முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்.

ஜெசிந்தா சோற்றுத் தூக்கை மறுபடி இடுப்பில் வைத்தாள். களைக்கொத்தைத் தோளில் போட்டாள். ஏறத் தொடங்கினாள்.

அம்மணிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும், விந்துகிற காலோடு பின்னாலேயே ஏறினாள். அவள் பின்னால் அடுத்தவள், அடுத்தவள் பின்னால் இன்னொருத்தி. பாதிச் சரிவில், எந்த இடத்தில் அவள் சற்றுமுன் முள்ளில் நின்றாளோ அந்த இடத்தில், இரண்டு பேரும் நேருக்கு நேர் வந்தார்கள். வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டோம் என்று சீனுவாசனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"வேல முடிஞ்சி எறங்கினவங்களுக்கு மேல இன்னா வேல இப்ப?" என்றார். குரல் பழைய குரல் இல்லை.

"ஒரு வேலையும் இல்லீங்க," என்றாள் ஜெசிந்தா. "சும்மா ஏறுறோம்."

அவர் கீழே பார்த்தார். ஏறுகிறவனுக்கு வழி உண்டா என்று அவர் கத்திக் கேட்டதையும், உண்டு என்று அவள் சொன்னதையும் கேட்டவர்கள் அத்தனை பேரும் அங்கேயே இருந்தார்கள். இப்போது யாரும் விசில் அடிக்கவில்லை. பாண்டுரங்கன் இன்றைக்கு டீயே ஆற்றவில்லை. சீனுவாசன் வேட்டியை ஒரு கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டு, வெள்ளை ஷூவை மெல்ல எடுத்துப் பாதைக்கு வெளியே வைத்தார். வேலிக்காத்தானும் ஆளைப் பார்க்கவில்லை. வேட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

பெண்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து ஏறினார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அவசரப்படவும் இல்லை. அம்மணிதான் எல்லாரையும்விட மெதுவாக ஏறினாள், அவள் கால் அப்படி. அவள் பின்னால் வந்தவர்களும் அவள் வேகத்துக்கே ஏறினார்கள். எல்லாரும் முடிந்ததென்று சீனுவாசன் பாதைக்குக் காலை எடுத்தபோது, கீழிருந்து இன்னும் ஒரு ஆள் ஏறி வந்தது. சகாயராஜ். கையில் சுமை எதுவும் இல்லை. கல்லைவிட்டு எப்போது எழுந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. அவர் சீனுவாசனைப் பார்க்கவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. நேராக ஏறிப் போனார். சீனுவாசன் எடுத்த காலைத் திரும்ப முள்ளிலேயே வைத்துக்கொண்டு, அவர் போகிறவரை நின்றார்.

கரைமேல் போய் எல்லாரும் நின்றார்கள். ஏரி நிறைந்து கிடந்தது. ஜெசிந்தா பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்து அம்மணியிடம் கொடுத்தாள். அது கைமாறிக் கைமாறிச் சகாயராஜிடம் வந்தது. கொஞ்ச நேரம் சுற்றிலும் பார்த்தார்கள். இத்தனை வருஷம் ஏறி இறங்கிய கரையில் அவர்கள் சும்மா நின்றது அதுதான் முதல் தடவை. கீழே சீனுவாசனின் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

பிறகு இறங்கினார்கள். சரிவில் முதல் எட்டு வைப்பதற்கு முன்னால், கீழிருந்து யாராவது ஏறி வருகிறார்களா என்று ஜெசிந்தா ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.